122-ஐ வென்ற 1

122 பெரிதா, 1 பெரிதா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். உபுண்டு 22.04 ஓடும் கணினி சிரிக்காது. 1தான் பெரிது என்று அடித்துச் சொல்லும். அதன் கணக்குப்படி அது சரியும்கூட.

2022 ஏப்ரலில் வெளிவந்த அந்தப் பதிப்போடு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வழக்கமான டெப் பேக்கேஜாகத் தருவதை உபுண்டு நிறுத்திக்கொண்டது. இனி அது 'ஸ்னாப்' என்ற வேறு வடிவில்தான் வரும். ஸ்னாப்பைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. முதல் தடவை திறக்க நேரமாகிறது என்பார்கள். நம்மைக் கேட்காமல் தானே புதுப்பித்துக்கொள்கிறது என்பார்கள். அவர்களுக்குத் தோதாக 2024 ஜனவரியில் மொசில்லாவே தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் 122-ஐ டெப் பேக்கேஜாகக் கொடுக்கத் தொடங்கியது. களஞ்சியத்தின் முகவரியைச் சேர்த்தாயிற்று, சாவியைச் சேர்த்தாயிற்று, பட்டியலைப் புதுப்பித்தாயிற்று. இப்போது ஃபயர்ஃபாக்ஸை நிறுவச் சொன்னால் என்ன வருகிறது? மறுபடி ஸ்னாப். நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினாலும் அதே ஸ்னாப்.

ஆப்ட் என்கிற பேக்கேஜ் மேலாளர் பிடிவாதம் பிடிக்கிறது, அல்லது உபுண்டு ஏதோ சதி செய்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கணினிக்குள் நடந்திருப்பது வெறும் ஒப்பீடு. அதைப் படிப்படியாகப் பார்த்துவிட்டால், 'தவறான களஞ்சியத்திலிருந்து எடுக்கிறதே' என்கிற புகார்களில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

டெபியன் 2.1 பதிப்போடு 1999-இல் வந்த கருவி ஆப்ட். உபுண்டு, லினக்ஸ் மின்ட், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று டெபியன் வழிவந்த எல்லாவற்றிலும் இதுதான் ஓடுகிறது. கணினியில் பதிந்துவைத்த ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் போய், அங்கே என்னென்ன பேக்கேஜ் எந்தெந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை இறக்கிக்கொள்ளும். பட்டியலோடு 'ரிலீஸ்' என்றொரு கோப்பும் வரும். களஞ்சியத்தின் அடையாள அட்டை அது: யாருடையது, எந்த வெளியீட்டுக்கானது, அதன் செல்லப்பெயர் என்ன என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். இறக்கிய பிறகு ஒரே பெயருள்ள பேக்கேஜ்களை எல்லாம் ஆப்ட் ஒரே வரிசையில் நிறுத்தும். இங்கே பெயர் ஒன்றுதான் முக்கியம். மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸும் உபுண்டுவின் ஃபயர்ஃபாக்ஸும் ஆப்ட் பார்வையில் ஒரே பொருளின் இரண்டு பதிப்புகள். உபுண்டு தருவது உண்மையில் உலாவியே அல்ல, ஸ்னாப்பை இழுத்துவரும் ஒரு வெற்றுப் பேக்கேஜ் என்பதெல்லாம் ஆப்டுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

வரிசையில் நிற்பவற்றில் எதை எடுப்பது? முதலில் முன்னுரிமை எண்ணைப் பார்க்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் சாதாரணக் களஞ்சியம் எதுவாக இருந்தாலும் 500. ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் பதிப்புக்கு 100. டெபியனின் 'எக்ஸ்பெரிமென்டல்' போல, தன்னைத் தானாக எடுக்க வேண்டாம் என்று ரிலீஸ் கோப்பிலேயே சொல்லிவிடும் களஞ்சியத்துக்கு 1. நாம் விரும்பும் வெளியீடு இதுதான் என்று குறிப்பிட்டு வைத்திருந்தால் அதற்கு 990. யாருக்கு எண் அதிகமோ அவருக்கே இடம். இரண்டும் சமமாக நின்றால் மட்டுமே பதிப்பு எண்ணைப் பார்க்கும். எது பெரிதோ அதை எடுக்கும்.

உபுண்டுவுக்கும் 500, நேற்றுச் சேர்த்த மொசில்லாவுக்கும் 500. ஆக, தீர்ப்பு பதிப்பு எண்ணின் கையில். இது ஏலம் மாதிரி: கேட்ட தொகைதான் கணக்கு, கேட்டவர் யார் என்பது கணக்கில்லை.

இனி அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மொசில்லாவுடையது '122.0~பில்டு2'. உபுண்டுவுடையது '1:1ஸ்னாப்1-0உபுண்டு2'. இரண்டாவதில் முதல் இலக்கத்துக்கு அடுத்து நிற்கும் முக்காற்புள்ளிதான் எல்லாவற்றுக்கும் காரணம். டெபியன் வகைப் பதிப்பு எண்ணில் முக்காற்புள்ளிக்கு முன்னால் வருவது 'எப்போக்'. எழுதாமல் விட்டால் அது பூஜ்யம். ஒப்பிடும்போது முதலில் எப்போக்குகளைத்தான் ஒப்பிடுவார்கள். மொசில்லாவுக்கு 0, உபுண்டுவுக்கு 1. அங்கேயே முடிந்துவிட்டது. 122 என்ற எண்ணை ஆப்ட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொசில்லா நாளைக்கே 5000-ஆம் பதிப்பை வெளியிட்டாலும் கதை இதுதான்.

இப்படியொரு விசித்திரமான எண் எதற்கு என்று கேட்கலாம். ஒரு மென்பொருளை எழுதுபவர் முதலில் தேதியையே பதிப்பு எண்ணாக வைக்கிறார்: 20230915. பிறகு மனம் மாறி 1.0 என்று தொடங்குகிறார். மனிதர்களுக்கு இது புரியும். இயந்திரத்துக்கோ இருபது மில்லியனிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதாகத்தான் தெரியும். அதன் பிறகு வரும் எந்த அப்டேட்டையும் அது பழையது என்றே ஒதுக்கும். இதற்கான மருந்துதான் எப்போக். '1:1.0' என்று எழுதிவிட்டால் பழைய கணக்கெல்லாம் ரத்து. ஆனால் ஒரு முறை ஏற்றிய எப்போக்கை இறக்க வழியே இல்லை. அதனால்தான் டெபியனில் இதை அவ்வளவு எளிதாகத் தொடமாட்டார்கள்.

உபுண்டுவின் நிலையில் நின்று பார்த்தால் அது செய்ததில் தொழில்நுட்பக் குறை இல்லை. முந்தைய பதிப்பில் 98, 99 என்று ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தவர்கள் 22.04-க்கு மாறும்போது, ஸ்னாப்புக்கு இட்டுச்செல்லும் வெற்றுப் பேக்கேஜ் அவர்கள் வைத்திருப்பதைவிடப் 'புதியது' என்று கணக்காக வேண்டும். எப்போக்கை ஏற்றினால் வேலை முடிந்தது. ஸ்னாப்பைத் திணித்தது சரியா என்பது வேறு வழக்கு. லினக்ஸ் மின்ட் அந்த வழக்கில் 2020-லேயே தீர்ப்பு எழுதிவிட்டது: ஸ்னாப்பை இயக்கும் 'ஸ்னாப்டி' என்ற பேக்கேஜுக்கு மைனஸ் 10 முன்னுரிமை கொடுத்து ஒரு கோப்பை மின்ட் 20-உடன் சேர்த்தே அனுப்பியது. பூஜ்யத்துக்குக் கீழே போன முன்னுரிமைக்கு, எந்த நிலையிலும் நிறுவாதே என்று பொருள்.

எண்களைப் பற்றிப் பேசும்போது அலைக்கோட்டை விட்டுவிட மனம் வரவில்லை. டெபியன் எண்கணிதத்திலேயே எனக்குப் பிடித்த குறி அது. ஒரு எண்ணின் பின்னால் '~' வந்தால், அது எதுவுமே வராததைவிடச் சிறியது. '2.0~ஆர்சி1' என்பது '2.0'-ஐவிடக் குறைவு, அதனால் சோதனைப் பதிப்பு வைத்திருப்பவருக்கு முழுப் பதிப்பு வந்ததும் தானாக மேலேறிவிடும். டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் பதிப்புகளின் வாலில் '~பிபிஓ12+1' என்று ஒட்டியிருப்பதும் இதற்குத்தான். அடுத்த வெளியீட்டிலிருந்து கடன் வாங்கி இந்த வெளியீட்டில் தருகிறார்கள். நீங்கள் அடுத்த வெளியீட்டுக்குப் போகும்போது அங்கே இருக்கும் அசல் இதைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும், எனவே கடன் சரக்கு சத்தமில்லாமல் மாறிவிடும். வெளிக் களஞ்சியம் நடத்துபவர்கள் எல்லாரும் இந்தப் பணிவைக் கடைப்பிடிப்பதில்லை. தங்கள் எண் எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று வாலில் '+' போட்டு நீட்டுகிறவர்கள் உண்டு.

சரி, சிக்கலில் மாட்டியவர் என்ன செய்ய வேண்டும்? பலர் செய்வது: பேக்கேஜை வேரோடு நீக்குவது, களஞ்சியத்தை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்ப்பது, கேச் முழுவதையும் துடைப்பது, கடைசியில் இணையத்தில் கிடைத்த ஏதோவொரு கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டுவது. இவை எதுவும் முன்னுரிமையையும் மாற்றாது, பதிப்பு எண்ணையும் மாற்றாது. ஆகவே முடிவும் மாறாது. ஆப்டிடமே கேட்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறது: 'ஆப்ட் பாலிசி ஃபயர்ஃபாக்ஸ்'. இது எதையும் தொடாது. தன் மனக்கணக்கை அப்படியே எடுத்துக் காட்டும். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியதையும் திரையில் தெரிவதையும் இங்கே உச்சரிப்பில் தருகிறேன்:

இன்ஸ்டால்ட்: 1:1ஸ்னாப்1-0உபுண்டு2
கேண்டிடேட்: 1:1ஸ்னாப்1-0உபுண்டு2
வெர்ஷன் டேபிள்:
*** 1:1ஸ்னாப்1-0உபுண்டு2 500
    500 உபுண்டு களஞ்சியத்தின் முகவரி
    100 டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பு
122.0~பில்டு2 500
    500 மொசில்லா களஞ்சியத்தின் முகவரி

கேண்டிடேட் என்பது அடுத்து நிறுவ இருப்பது. மூன்று நட்சத்திரம், இப்போது இருப்பது; டிபிகேஜி வரியில் உள்ள 100 அதற்குரியதே. ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே அது எங்கெங்கே கிடைக்கிறது, அந்த இடத்துக்கு என்ன முன்னுரிமை என்ற விவரம். இரண்டும் 500 என்பதைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிடுகிறது. மொசில்லா வரியே பட்டியலில் இல்லை என்றால் அது வேறு நோய்: களஞ்சியம் சேரவே இல்லை, அல்லது உங்கள் கணினியின் பிராசஸருக்கு ஏற்ற பேக்கேஜ் அங்கே இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் மருந்து கொடுப்பதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

முதல் நோய்க்கு மருந்து 'பின்' போடுவது. ஆப்டின் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டருக்குள் 'பிரிஃபரன்சஸ்.டி' என்றொரு துணை ஃபோல்டர் உண்டு. அதில் ஒரு சிறிய கோப்பை வைக்கச் சொல்லி மொசில்லாவே வழி காட்டுகிறது:

பேக்கேஜ்: *
பின்: ஆரிஜின் பேக்கேஜஸ்.மொசில்லா.ஆர்க்
பின்-பிரையாரிட்டி: 1000

ஏன் 1000? 600 போட்டாலே 500-ஐ வென்றுவிடுமே? ஃபயர்ஃபாக்ஸ் என்ற பேக்கேஜ் கணினியில் இல்லாதபோது வென்றுவிடும். ஆனால் எப்போக் ஏறிய வெற்றுப் பேக்கேஜ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், அதிலிருந்து 122-க்குப் போவது ஆப்ட் கணக்கில் பதிப்பிறக்கம். ஆப்ட் தானாக ஒருபோதும் கீழே இறங்காது. அந்தத் தடையை உடைக்கும் வாசல் 1000-இல்தான் திறக்கிறது. இந்த எண்ணை எல்லாக் களஞ்சியத்துக்கும் பயன்படுத்தும் பழக்கம் ஆபத்தானது. மொசில்லாவின் களஞ்சியத்தில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் சங்கதிகள்தான், எனவே அங்கே நட்சத்திரக் குறியோடு 1000 போடுவது பொறுக்கத்தக்கது. நூலகக் கோப்புகள் நிறைந்த பெரிய களஞ்சியத்துக்குப் போட்டால் பாதிக் கணினி பின்னோக்கிப் போகும்.

பின் போட்டும் வேலை செய்யவில்லை என்பவர்கள் கோப்பின் பெயரை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அந்த ஃபோல்டரில் பெயருக்கு வால் இருக்கக் கூடாது, இருந்தால் '.பிரெஃப்' என்றுதான் இருக்க வேண்டும். '.கான்ஃப்' என்றோ '.டெக்ஸ்ட்' என்றோ முடிந்தால் ஆப்ட் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அடுத்தது இன்னும் நயவஞ்சகமானது. 'பின்: ஆரிஜின்' என்று எழுதினால் அங்கே வர வேண்டியது சர்வரின் பெயர். 'பின்: ரிலீஸ் ஓ=' என்று எழுதினால் வர வேண்டியது ரிலீஸ் கோப்பில் ஆரிஜின் என்ற தலைப்பில் அந்தக் களஞ்சியம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இதை வடிவமைத்தவர்களை யாராவது கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. விதி எதனோடும் பொருந்தாமல் சும்மா கிடக்கும். மீண்டும் பாலிசி கட்டளையை ஓட்டி, 500 இருந்த இடத்தில் 1000 வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே சோதனை.

கையால் அப்டேட் செய்தால் சரியாக வருகிறது, தானாக அப்டேட் ஆகும்போது வருவதில்லை என்ற புகாரும் உண்டு. உபுண்டுவில் பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட் நிரல் தனக்கென்று ஓர் அனுமதிப் பட்டியல் வைத்திருக்கிறது. வெளிக் களஞ்சியங்கள் அதில் இருக்காது. நாமாகச் சேர்க்காவிட்டால் உலாவி பழைய பதிப்பிலேயே நிற்கும். உலாவியில் அது பெரிய விஷயம்.

உலாவி விஷயத்தில் தவறு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத தவறுக்கு டெபியன் 11-ஐப் பார்க்க வேண்டும். சில நிர்வாகிகள் நிலையான வெளியீட்டோடு சோதனை வெளியீட்டின் களஞ்சியத்தையும் சேர்த்து வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு ஒன்றிரண்டு பேக்கேஜ் அங்கிருந்து எடுக்கலாம், மற்றதெல்லாம் நிலையானதிலிருந்தே வர வேண்டும் என்பது எண்ணம். அதற்காக 'டீஃபால்ட்-ரிலீஸ்' என்ற அமைப்பில் வெளியீட்டின் பெயரை எழுதி வைப்பார்கள். அதற்கு 990 கிடைத்துவிடும். டெபியன் 10 வரை இதில் வில்லங்கம் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் தனிக் களஞ்சியமும் அதே 'பஸ்டர்' என்ற செல்லப்பெயரோடு வந்ததால் அதற்கும் 990. 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-இல் பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' ஆயிற்று. அமைப்பில் எழுதியிருப்பதோ வெறும் 'புல்ஸ்ஐ'.

விளைவு: முதன்மைக் களஞ்சியத்துக்கு 990, பாதுகாப்புக் களஞ்சியத்துக்கு 500. முன்னுரிமை முதலில், பதிப்பு பிறகு என்பதால், ஓட்டை அடைக்கப்பட்ட புதிய பதிப்பு பட்டியலில் இருந்தும் ஆப்ட் அதைத் தொடாது. சிவப்பு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. எல்லாம் புதிதாகவே இருக்கிறது என்ற அறிக்கைதான் வரும். சில மாதங்களுக்கு ஒரு முறை வரும் சிறு வெளியீட்டில் அந்தத் திருத்தங்கள் முதன்மைக் களஞ்சியத்துக்கு வந்து சேரும் வரை சர்வர் திறந்தே கிடக்கும். டெபியன் 11-இன் வெளியீட்டுக் குறிப்பு இதை எச்சரித்தது, மாற்று வரியையும் கொடுத்தது. வெளியீட்டுக் குறிப்பை எத்தனை பேர் கடைசி வரை படிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்னாப் வந்துவிட்டதே என்று புலம்பியவர்களைவிட இந்த வலையில் சிக்கியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இந்த விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் பதிப்பு எண்ணை வைத்துக் களஞ்சியத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அமைப்புக் கோப்பில் எந்தக் களஞ்சியம் மேலே எழுதப்பட்டிருக்கிறதோ அதில் இருப்பதே செல்லும், கீழே புதியது இருந்தாலும். ஃபெடோராவின் டிஎன்எஃப், ஓப்பன்சூசேயின் ஸிப்பர் இரண்டிலும் வழக்கமான முன்னுரிமை 99. அங்கே குறைந்த எண்ணுக்குத்தான் பலம். டெபியன் பழக்கத்தில் ஒருவர் அங்கே போய்ப் பெரிய எண்ணாகப் போட்டால், தூக்கிவைக்க நினைத்த களஞ்சியம் வரிசையின் வாலுக்குப் போய்விடும். ஸிப்பரிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு: ஒரு பேக்கேஜை யாரிடமிருந்து வாங்கியதோ அவரிடமே தொடர்ந்து வாங்கும், வேறொருவர் பெரிய எண்ணோடு வந்தாலும், நாம் அனுமதிக்காமல் அவருக்கு மாறாது.

அந்தக் குணத்தின் அருமை பைத்தான் உலகத்தில்தான் புரியும். நிறுவனங்கள் தங்கள் உள் உபயோகத்துக்கு எழுதும் பேக்கேஜ்களைத் தனிக் களஞ்சியத்தில் வைத்து, பைத்தானின் பிப் கருவிக்கு அதைக் 'கூடுதல்' முகவரியாகக் கொடுப்பது வழக்கம். பிப் இரண்டு இடத்திலும் தேடி, எது பெரிய எண்ணோ அதை எடுக்கும். இங்கே முன்னுரிமை என்ற பேச்சே இல்லை. அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் இதன் விளைவை வெளிச்சம் போட்டுக் காட்டினார். நிறுவனங்களின் உள் பேக்கேஜ்களின் பெயர்கள் இணையத்தில் ஆங்காங்கே கசிந்து கிடந்தன. அதே பெயரில், பெரிய பதிப்பு எண்ணோடு, தன் சோதனைப் பேக்கேஜ்களைப் பொதுக் களஞ்சியங்களில் ஏற்றினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் அவற்றை எடுத்து ஓட்டின. பூட்டை உடைக்கவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை; பெரிய எண்ணை எழுதியதோடு சரி.

அவர் நல்லவர், சொல்லிவிட்டுச் சன்மானம் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 25 முதல் 30 வரை நடந்தது அப்படியல்ல. செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பரவலாகப் புழங்கும் பைடார்ச்சின் தினசரிச் சோதனைப் பதிப்புக்கு 'டார்ச்டிரைட்டன்' என்ற துணைப் பேக்கேஜ் தேவைப்பட்டது. அது பைடார்ச்சின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தது. பொதுக் களஞ்சியமான பைபிஐயில் அந்தப் பெயர் காலியாகக் கிடந்தது. யாரோ அதைப் பிடித்துக்கொண்டு விஷமப் பேக்கேஜ் ஒன்றை ஏற்றினார்கள். லினக்ஸில் அந்த நாட்களில் நிறுவியவர்களுக்கு அதுதான் வந்தது. எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் ஃபோல்டர், வீட்டு ஃபோல்டரின் முதல் ஆயிரம் கோப்புகள் என்று அள்ளிக்கொண்டு வெளியே அனுப்பியது. பைடார்ச் குழு துணைப் பேக்கேஜின் பெயரை மாற்றி, அந்தப் புதிய பெயரைப் பைபிஐயில் தானே பிடித்து வைத்துக்கொண்டது. பிற்பாடு வந்த யூவி என்ற பைத்தான் கருவி, ஒரு பெயர் எந்தக் களஞ்சியத்தில் முதலில் கிடைக்கிறதோ அங்கேயே தேடலை நிறுத்திக்கொள்வதை வழக்கமான நடத்தையாக வைத்திருக்கிறது. பேக்மேனின் பழைய விதியேதான்.

டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா? கையொப்பம் இந்தப் பேக்கேஜ் இன்னாரிடமிருந்துதான் வந்தது என்று உறுதி செய்யும். இன்னாரிடமிருந்து இதை வாங்கலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆப்டில் ஒரு களஞ்சியத்தின் சாவியை ஏற்றுக்கொண்டால், அது ஃபயர்ஃபாக்ஸ் மட்டுமல்ல, கணினியின் அடித்தளமான சி நூலகத்தையே தன் எண்ணோடு கொடுத்தாலும் 500-க்கு 500 என்று சமமாகப் போட்டியில் நிற்கும். ஆகவே வெளிக் களஞ்சியம் எதைச் சேர்த்தாலும் இரண்டு பின் போடுவது என் வழக்கம்: அதன் எல்லாப் பேக்கேஜுக்கும் நட்சத்திரக் குறியோடு 1, எது வேண்டுமென்று சேர்த்தோமோ அதற்கு மட்டும் பெயர் சொல்லி 500. பெயர் சொன்ன விதி நட்சத்திர விதியை மீறும். கேட்ட பேக்கேஜ் தன் துணைப் பேக்கேஜ்களையும் அங்கிருந்தே எதிர்பார்த்தால் நிறுவும்போது ஆப்ட் முரண்டு பிடிக்கும். அப்போது அந்தப் பெயர்களையும் பட்டியலில் சேர்த்தால் போதும்.

போட்ட பின்களுக்கு ஆயுள் உண்டு. விதியில் வெளியீட்டின் பெயரை எழுதியிருந்தால், அடுத்த வெளியீட்டுக்கு மாறிய அன்றே அது பொருந்தாமல் போகும். விட்ட ஸ்னாப் அன்றைக்கே திரும்பி வரலாம். பேக்கேஜ் பெயர் எதுவும் கொடுக்காமல் வெறுமனே 'ஆப்ட் பாலிசி' என்று ஓட்டினால் எல்லாக் களஞ்சியங்களின் முன்னுரிமையும், பெயர் சொல்லிப் பின் போட்ட பேக்கேஜ்களும் ஒரே திரையில் வந்துவிடும். பெரிய அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் அதை ஓட்டி ஒப்பிடுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. பின் கோப்பில் 'எக்ஸ்பிளனேஷன்:' என்று தொடங்கும் வரியையும் எழுதலாம். ஆப்ட் அதைக் கணக்கில் எடுக்காது. அது அங்கே இருப்பது, இந்த 1000-ஐ யார், எதற்காகப் போட்டார்கள் என்று இரண்டு வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்து விழிக்கப்போகிறவருக்காக.